டம்ளரில் பழமா, தட்டில் பழமா?

மாடம்பாக்கத்தில் காலை நடைக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் பேர், தேனுபுரீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கொஞ்சம் பேர், அகரம்தென் சாலை ஓரமாகவே கைவீசி நடப்பவர்கள் கொஞ்சம் பேர். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் சர்க்கரை போட்ட சாத்துக்குடி ஜூஸ் ஒரு பெரிய டம்ளர் குடித்தால், அதில் சுமார் 200 கலோரி உள்ளே போய்விடும். ஒரு மணி நேர உழைப்பில் பெரும்பகுதி ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடுகிறது.

“சாதத்தைக் குறைச்சாச்சு, நொறுக்குத்தீனி கிடையாது, ஜூஸ்தான் குடிக்கிறேன், ஆனாலும் வெயிட் இறங்க மாட்டேங்குது” என்ற அங்கலாய்ப்பைத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் பல வீடுகளில் கேட்கலாம். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பழம் நல்லது, அதைப் பிழிந்து எடுத்த ஜூஸும் அதே அளவு நல்லதாகத்தானே இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். எடை குறைப்பைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியில்லை. முழுப் பழம் எடை குறைய உதவும். ஜூஸ் பெரும்பாலும் குறுக்கே நிற்கும். அதற்கான காரணத்தையும், கடையிலும் வீட்டிலும் செய்துகொள்ள வேண்டிய மாற்றங்களையும் இந்த அத்தியாயம் சொல்கிறது.

தமிழ்நாட்டின் எடை

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2015–16 ஆய்வில் இதே எண்கள் 30.9, 28.2 என்று இருந்தன. இடையில் சில ஆண்டுகள்தான் ஓடியிருக்கின்றன. அதற்குள் நூறு பேரில் ஒன்பது, பத்துப் பேர் புதிதாக இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

எடை கூடுவதோடு விஷயம் முடிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் இருப்பதாக அவை காட்டின. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் 39.5 சதவீதம்.

இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே அதிக ஆபத்து. அதனால் நம் மருத்துவர்கள் எல்லைக்கோட்டையும் கீழே வைத்திருக்கிறார்கள். உடல் நிறை குறியீட்டெண் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இது முறையே 62.6 கிலோ, 68 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருக்க வேண்டும். தையல் டேப் ஒன்று இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளலாம். தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

மிக்ஸிக்குள் என்ன நடக்கிறது?

1977-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் பத்துப் பேரை வைத்து எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஒரே அளவு மாவுச்சத்தை ஒரு நாள் முழு ஆப்பிளாகவும், இன்னொரு நாள் மசித்த கூழாகவும், மற்றொரு நாள் நார் நீக்கிய ஜூஸாகவும் கொடுத்தார்கள். முழு ஆப்பிளைத் தின்று முடிக்க ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கே ஜூஸ் குடிக்கப் போதுமானதாக இருந்தது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் அதிகம், கூழில் குறைவு, ஜூஸில் அதைவிடக் குறைவு. ஜூஸ் குடித்தபின் இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. ஏறிய ரத்தச் சர்க்கரை பிறகு வேகமாகக் கீழே சரிந்தது. முழுப் பழம் சாப்பிட்ட நாளில் அந்தச் சரிவு இல்லை.

ரத்தச் சர்க்கரை அப்படிச் சட்டென்று இறங்கும்போது பசி தலைதூக்குவது இயல்பு. பதினொரு மணிக்கு ஜூஸ் குடித்தவர் பன்னிரண்டரைக்கு பஜ்ஜிக் கடையைத் தேடினால் அதில் வியப்பில்லை.

திரவமாக உள்ளே போகும் கலோரியை உடல் சரியாகக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் நான்கு வாரம் தினமும் 450 கலோரியை ஜெல்லி மிட்டாயாகவும், வேறொரு நான்கு வாரம் அதே 450 கலோரியை இனிப்பு சோடாவாகவும் எடுத்துக்கொண்டார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் மற்ற சாப்பாட்டைத் தங்களை அறியாமலே குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த வாரங்களில் சாப்பாடு குறையவில்லை, எடை கூடியது. மென்று விழுங்கினால்தான் உடல் அதை உணவு என்று எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது சான்று நீண்ட காலக் கணக்கிலிருந்து வருகிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில் 1,87,000-க்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கம் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்டது. முழுப் பழங்களை, குறிப்பாக திராட்சை, ஆப்பிள், புளூபெர்ரி ஆகியவற்றை, அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக வந்தது. பழ ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்கு அது கூடுதலாக வந்தது. வாரத்துக்கு மூன்று முறை ஜூஸுக்குப் பதிலாக முழுப் பழம் சாப்பிட்டால் ஆபத்து 7 சதவீதம் குறையும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஜூஸ் விஷமல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதில் வைட்டமின் சி இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது. காய்ச்சலில் படுத்துச் சாப்பிட முடியாமல் இருப்பவருக்கும், எடை கூட வேண்டியவருக்கும் அது உதவும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து படபடப்பும் வியர்வையும் வந்தால், அரை டம்ளர் ஜூஸ் உடனடி முதலுதவி. ஆனால் எடையைக் குறைக்க விரும்புபவரின் தினசரிப் பட்டியலில் அதற்கு வேலை இல்லை.

டம்ளருக்குள் ஒரு கணக்கு

கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கம், வேங்கைவாசல் என்று போனாலும், கிழக்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்தாலும், ஜூஸ் கடைகளின் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான்: சாத்துக்குடி, ஆரஞ்சு, மாதுளை, தர்பூசணி, கரும்பு, ஆப்பிள் மில்க்‌ஷேக், சப்போட்டா மில்க்‌ஷேக், ரோஸ் மில்க், ஃபலூடா.

சாத்துக்குடி, ஆரஞ்சு: 100 மி.லி. ஆரஞ்சு ஜூஸில் 8 கிராம் அளவுக்கு இயற்கைச் சர்க்கரை உண்டு. சாத்துக்குடியும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் வரும். 250 மி.லி. ஜூஸில் 20 கிராம். கடைக்காரர் போடும் இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரை இன்னொரு 25 கிராம். மொத்தம் 45 கிராம். இதற்கு மூன்று, நான்கு பழங்கள் பிழியப்படுகின்றன. அவற்றின் நார் முழுக்க கடைவாசல் குப்பைக் கூடையில் கிடக்கும். உட்கார்ந்து உரித்துத் தின்றால் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டுக்கு மேல் யாரும் தின்ன மாட்டார்கள்.

கரும்பு: 100 மி.லி.யில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை. ஒரு பெரிய டம்ளரில் 35 கிராம் வரை போகும். கோடையில் இதை அடிக்கடி குடிப்பதைக் குறைக்கும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாத உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கின்றன.

மில்க்‌ஷேக்: 100 கிராம் சப்போட்டாவில் 83 கலோரி, ஒரு டம்ளர் பாலில் 120 முதல் 170 கலோரி, இரண்டு கரண்டிச் சர்க்கரையில் 100 கலோரி. மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் விழுந்தால் நானூறைத் தாண்டிவிடும். ஆறு இட்லியில் இருக்கும் கலோரி ஏறத்தாழ அவ்வளவுதான். மில்க்‌ஷேக்கை யாரும் ஒரு வேளைச் சாப்பாடாக நினைப்பதில்லை. அதன் பிறகும் இரவுச் சாப்பாடு நடக்கும்.

தர்பூசணி: பழத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், 100 கிராமில் 30 கலோரிதான். துண்டுகளாகத் தின்ன இதைவிட நல்ல கோடைப் பழம் கிடைப்பது அரிது. ஜூஸாக்கிச் சர்க்கரை சேர்க்கும்போதுதான் அந்த நன்மை கெடுகிறது.

இளநீர்: 100 மி.லி.யில் 20 கலோரிக்கும் குறைவு. ஒரு காய் முழுக்கக் குடித்தாலும் 60 கலோரி அளவில் நிற்கும். வழுக்கை தேங்காயாக முற்றிய காயைத் தவிர்த்தால் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், பொட்டாசியம் அதிகம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

வெவ்வேறு பெயரில் ஒரே சர்க்கரை

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உணவில் சேரும் தனிச் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் மேலும் நல்லது. 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம். நாம் போடும் சர்க்கரையோடு தேன், பாகு, பழ ஜூஸில் இருக்கும் சர்க்கரை எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும். முழுப் பழத்தில் உள்ள சர்க்கரை மட்டும் அடங்காது. ஆகவே “சுகர் போடாத ஜூஸ்” என்றாலும் சர்க்கரை இல்லாத ஜூஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். கொழுப்பைக் கரைக்கும் வேலையைத் தேனும் செய்யாது, எலுமிச்சையும் செய்யாது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு ஆகியவற்றுக்குத் தனி ருசியும் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரசித்துச் சாப்பிடலாம், எடை குறையும் என்று எதிர்பார்த்துச் சாப்பிடக் கூடாது.

டீயையும் காபியையும் மறந்துவிடக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு நாளில் மூன்று தடவை. அதிலேயே 25 கிராம் எல்லை தொட்டுவிடும். தாம்பரம் மெப்ஸ் வளாகத்திலோ ஓ.எம்.ஆர். அலுவலகங்களிலோ வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று என்பதே குறைந்த கணக்கு. முதலில் ஒன்றரைத் தேக்கரண்டி, இரண்டு வாரம் கழித்து ஒன்று, பிறகு அரை என்று இறக்கினால் நாக்கு பழகிக்கொள்ளும்.

அட்டைப் பெட்டி ஜூஸ் வாங்குபவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். செறிவூட்டிய சாற்றில் மறுபடி தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கும் பானங்களின் பெட்டியிலும் விளம்பரத்திலும் “100 சதவீதம் பழ ஜூஸ்” என்ற வாசகத்தை நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கடையில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பதுதான் சரியான வழி. பொருள் பட்டியலில் முதல் மூன்றுக்குள் சர்க்கரை வந்தால் அது இனிப்புத் தண்ணீர். “100 மி.லி.யில் சர்க்கரை” என்ற எண்ணைப் பெட்டியின் மொத்த அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எடை குறைக்கும் ஜூஸ் என்று வருபவை

பூங்கா வாசல்களில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு, நெல்லிக்காய் ஜூஸ், கற்றாழை ஜூஸ் விற்கும் தள்ளுவண்டிகள் சென்னையில் சாதாரணக் காட்சி. இவற்றில் சர்க்கரை குறைவு என்பதால் சாத்துக்குடி ஜூஸ் அளவுக்குக் கலோரி ஏறாது. ஆனால் எந்தச் சாறும் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பைக் கரைத்து வெளியேற்றாது. வாழைத்தண்டைப் பொரியலாகச் செய்து சாப்பிட்டால் நாரும் சேர்ந்து கிடைக்கும். நெல்லிக்காயைக் கடித்துத் தின்னலாம், துவையல் அரைக்கலாம். வண்டியில் குடிப்பதென்றால் தண்ணீரும் டம்ளரும் சுத்தமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுரைக்காய் ஜூஸ் தனி எச்சரிக்கைக்கு உரியது. 2010-இல் தில்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய்க் குடும்பத்துக் காய்களில் சில நேரம் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு அதிகமாகிவிடும். அதை முறிக்கும் மருந்து கிடையாது. சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் காயையே எறிந்துவிட வேண்டும். மற்ற ஜூஸோடு கலந்து கசப்பை மறைக்கவே கூடாது. குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி, ரத்தம் கலந்த வாந்தி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுரைக்காய்க் கூட்டும் குழம்பும் நம் வீடுகளில் தலைமுறைகளாக இருப்பவை. காயை அப்படிச் சமைத்துச் சாப்பிடுவதே போதும்.

மூன்று நாள், ஏழு நாள் என்று ஜூஸ் மட்டும் குடித்துப் பட்டினி கிடப்பதும் இப்போது பரவியிருக்கிறது. அந்த நாட்களில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். புரதம் கிடைக்காததால் தசையும் கரையும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இப்படிச் செய்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம். உடலில் சேரும் கழிவை அகற்ற கல்லீரலும் சிறுநீரகமும் ஒவ்வொரு நாளும் வேலை செய்கின்றன. அதற்கு ஜூஸ் வைத்தியம் தேவையில்லை.

தட்டை மாற்றும் வழி

ஜூஸை நிறுத்துவது பாதி வேலை. மீதி பாதி, சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி 2,000 கலோரி உணவுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், பால் 300 மி.லி., கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பும் சமைக்காத அளவு. நம் வீட்டுச் சாப்பாட்டோடு இதை ஒப்பிட்டால் இடைவெளி உடனே தெரியும். சாதமும் இட்லி, தோசையும் இந்த அளவைத் தாண்டுகின்றன. காய் பாதிகூட வருவதில்லை. பருப்பு சாம்பாரில் கரைந்து காணாமல் போகிறது. இந்தியர்கள் சராசரியாகத் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று 2025-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வும் காட்டியது.

காலை உணவிலிருந்து தொடங்கலாம். பொங்கல், வடை, கேசரி, காபி என்ற வரிசைக்குப் பதிலாக மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பார், ஒரு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு அரைக் கிண்ணம் அவித்த பாசிப்பயறு. அடையும் பெசரட்டும் தோசையைவிடப் புரதம் கூடியவை. எண்ணெயை அளந்து ஊற்றினால் அவை எடை குறைப்புக்கு நல்ல தோழர்கள்.

மதியம் தட்டில் முதலில் காயும் கீரையும் விழ வேண்டும், சாதம் பிறகு. பொரியல், கூட்டு, கீரை மசியல் என்று பாதித் தட்டை நிரப்பிவிட்டால் சாதத்துக்குத் தானாகவே இடம் குறைந்துவிடும். 150 கிராம் வெந்த சாதம் சுமார் 200 கலோரி. மீன், கோழி, முட்டை, பருப்பு, சுண்டல் இவற்றில் ஒன்று கட்டாயம். மத்தி, சங்கரா போன்ற மீன்களைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவதற்கும் எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரிக்கு மேல். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று கணக்கு வைத்தால் நாளுக்குச் சுமார் 15 கிராம் வரும்.

மாலை நேரம்தான் பலர் தோற்கும் இடம். கடற்கரை ரயிலிலோ பேருந்திலோ நின்றபடி வந்து தாம்பரத்தில் இறங்குபவருக்கு அந்த நேரத்தில் பசி வயிற்றைக் கிள்ளும். சமோசா, பஜ்ஜி, மில்க்‌ஷேக் எல்லாம் கை நீட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே நின்று யோசிப்பதைவிட, காலையிலேயே பையில் ஒரு கொய்யாவும் ஒரு டப்பா சுண்டலும் வைத்துக்கொள்வது வேலை செய்யும். 100 கிராம் அவித்த கொண்டைக்கடலையில் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. 100 கிராம் கொய்யாவில் 68 கலோரி, 5 கிராமுக்கு மேல் நார், ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. விலை உயர்ந்த கிவிப் பழத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எந்தப் பழம், எவ்வளவு?

கொய்யா, பப்பாளி, தர்பூசணி, ஆரஞ்சு, சாத்துக்குடி, நெல்லி, ஆப்பிள் ஆகியவற்றைத் தயக்கமில்லாமல் தினமும் சாப்பிடலாம். வாழை, மா, பலா, சப்போட்டா, திராட்சை, சீதா ஆகியவற்றில் சர்க்கரை கூடுதல். ஒதுக்க வேண்டாம், அளவு பார்த்தால் போதும். சின்னப் பூவன் அல்லது ஏலக்கி வாழை ஒன்று, பலாச்சுளை இரண்டு மூன்று, மாம்பழம் பாதி. மாம்பழ சீசனில் அதைத் தொடவே கூடாது என்று விரதம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பழத்தைத் தின்று தீர்த்துவிடுவதும் உண்டு. பெரிய பங்கனப்பள்ளி ஒன்றின் சதை 250 கிராம் இருந்தால் 150 கலோரி. பாதிப் பழத்தை மாலை நான்கு மணிக்கு நொறுக்குத்தீனிக்குப் பதிலாகச் சாப்பிட்டால் எந்தக் கணக்கும் கெடாது. வயிறு முட்டச் சாப்பிட்டு அதன்மேல் பழம் என்றால்தான் கூடுதல் சுமை.

2025 கோடைத் தொடக்கத்தில் தர்பூசணியில் ஊசி மூலம் நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பயம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வாங்குபவர்கள் ஒதுங்கினார்கள், விலை சரிந்தது, திண்டிவனம், மரக்காணம் வட்டார விவசாயிகள் பெரும் நஷ்டம் அடைந்தார்கள். பயந்து பழத்தையே நிறுத்திவிட்டு பாட்டில் பானத்துக்குப் போவதால் உடம்புக்கு நன்மை எதுவும் இல்லை. முழுப் பழமாக வாங்கி, வீட்டில் கழுவி, நறுக்கிய உடனே சாப்பிடுவது போதுமான பாதுகாப்பு. வெட்டி வெயிலில் திறந்து வைத்த துண்டுகளை மட்டும் தவிர்க்கலாம்.

வெயிலில் குடிக்க

தாகத்துக்கு முதல் விடை தண்ணீர். அதற்கு அடுத்து நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், இளநீர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் 40 கலோரியைத் தாண்டாது. கம்பங்கூழ் உணவு வகையைச் சேர்ந்தது. அதைக் குடித்தால் அந்த வேளை இட்லியையோ சாதத்தையோ குறைக்க வேண்டும். நுங்கு கிடைக்கும் மாதங்களில் அதை அப்படியே தோண்டிச் சாப்பிடுவதே சிறப்பு. சர்பத்தில் போட்டால் சர்க்கரை சேர்ந்துவிடும்.

நண்பர்களோடு ஜூஸ் கடையில் நிற்க வேண்டி வந்தால் கூச்சப்படாமல் கேட்கலாம்: “அண்ணா, சின்ன டம்ளர் போதும், சுகர் வேணாம், பால் வேணாம், வடிகட்டாம குடுங்க.” இப்படிக் கேட்பவர்கள் இன்று நிறையப் பேர், எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை ஜூஸுக்கு நாளுக்கு 150 மி.லி. என்று எல்லை வைத்திருக்கிறது. வாரத்துக்கு ஓரிரு முறை, அந்த அளவில் என்றால் எடை குறைப்பு தடம் மாறாது. பல கடைகளில் ஜூஸோடு பழக் கலவைத் தட்டும் கிடைக்கும். சர்க்கரையும் தேனும் ஊற்றாமல் அதைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

வீட்டுப் பிள்ளைகள்

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஜூஸ் கூடவே கூடாது. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு 120 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் வரையறுத்தது. இங்கே பள்ளிப் பையில் தினமும் அட்டைப் பெட்டி ஜூஸ் வைத்து அனுப்பும் பெற்றோர் பலர், நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையோடுதான் அனுப்புகிறார்கள். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று மாணவர்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். வீட்டுச் சமையலறைச் சுவரிலும் அப்படி ஒரு தாளை ஒட்டலாம். பிள்ளைகளே எழுதி ஒட்டினால் பெரியவர்களும் ஜூஸ் பெட்டியை எடுக்கும் முன் யோசிப்பார்கள்.

முதல் மாதத்துக்கு ஒரு வழி

முதல் வாரம் ஜூஸ், மில்க்‌ஷேக், பாட்டில் பானம் மூன்றையும் நிறுத்தி, அதே நேரத்தில் ஒரு முழுப் பழம் சாப்பிட வேண்டும். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாம் வாரம் டீ, காபிச் சர்க்கரையில் பாதி.

மூன்றாம் வாரம் மதியத் தட்டில் பாதி காய். சாதம் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

நான்காம் வாரம் ஒவ்வொரு வேளையிலும் ஒரு புரதம், இரவுச் சாப்பாடு தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

நடை எல்லா வாரமும் தொடர வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்கலாம். மாதம் ஒருமுறை இடுப்பை அளக்கலாம். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம். எடை அசையாமல் இடுப்பு மட்டும் சுருங்கினாலும் அது வெற்றிதான்.

இவ்வளவு செய்தும் இரண்டு, மூன்று மாதம் எடை அப்படியே நின்றால், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் எடை எப்படி இருந்தாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முறை போய், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை இலவசம். இந்த மாதமே போய் வாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் போங்கள்.